சிகாகோ குழுவின் மூன்று ஹார்ன்கள்: எந்தத் தட்டில் கேட்பது, எப்படி எழுதி வாசிப்பது?

கூழாங்கல்:

சிகாகோ என்ற அமெரிக்க ராக் குழுவின் பழைய தட்டுகளில் ட்ரம்பெட், ட்ராம்போன், டெனர் சாக்ஸபோன் என்று மூன்றே பேர்தான் ஊதுகிறார்கள். இந்த ஊதுவாத்தியங்களைத்தான் ஹார்ன் என்கிறார்கள். காதுக்கு மட்டும் ஆறு பேர் நிற்பதுபோல இருக்கிறது. ‘25 ஆர் 6 டு 4’ பாட்டுக்கு அதே மூன்று வாத்தியத்தை வைத்து நோட்ஸ் எழுதினால் சுரம் ஒன்றும் தப்பில்லை, ஆனால் வருவது ஊர்வல பேண்டு சத்தம். கோளாறு எழுத்திலா, வாசிப்பிலா, ரிக்கார்டிங்கிலா?

இரண்டாவது கேள்வி. 1969 முதல் இத்தனை தட்டு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை பதிப்பு. ஹார்ன் கேட்பதற்காக மட்டும் வாங்குவதென்றால் எது?

ஊசிமுனை:

மூன்றிலும் கோளாறு இருக்கலாம். ஆனால் குழு எப்படிச் சேர்ந்தது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

1967 பிப்ரவரி 15. சிகாகோ நகரில் சாக்ஸபோன்காரர் வால்டர் பாரசைடரின் வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்து பேசியதுதான் தொடக்கம். பாரசைடர், ட்ரம்பெட் லீ லாக்னேன், ட்ராம்போன் ஜேம்ஸ் பாங்கோ, கிட்டார் டெரி கேத், ட்ரம்ஸ் டேனி செராஃபின், கீபோர்டு ராபர்ட் லாம். பேஸ் கிட்டார் பீட்டர் செட்டெரா அந்த வருடக் கடைசியில்தான் வந்து சேர்ந்தார். ஆரம்பப் பெயர் ‘தி பிக் திங்’. ஊதுகிற மூவரும் டிபால் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர்கள். அந்தக் காலத்து ராக் ரிக்கார்டிங்கில் ஹார்ன் என்றால் பாட்டு முடிந்தபிறகு கூலிக்கு ஆள் கூப்பிட்டு மேலே தூவுகிற விஷயம். இங்கே பாட்டு உருவாகும்போதே மூவரும் அறையில் இருந்தார்கள், அதிலும் பாங்கோ பாட்டும் எழுதுவார், ஹார்ன் பகுதியும் எழுதுவார். கிட்டாருக்கு ஒரு இடம், பாடகருக்கு ஒரு இடம் என்பதுபோல ஹார்னுக்கும் ஒரு பாடகரின் இடத்தை ஒதுக்கித்தான் அவர் எழுத்து நடக்கிறது. பாடகர் மூச்சு விடுகிற இடத்தில் ஹார்ன் பேசும். பாடகர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும்.

உங்கள் நோட்ஸில் ஹார்ன் மொத்தம் எத்தனை பார் (தாளக் கட்டம்) சும்மா இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

நான்காம் வரி:

ஊசிமுனை சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். ஆறு பேர் மாதிரி கேட்பதற்கு எழுத்து மட்டும் காரணம் இல்லை. ஸ்டூடியோவில் ஹார்ன் பகுதியை ஒரு தடவை ஊதிப் பதிஞ்சுட்டு, அதைக் கேட்டுக்கிட்டே அதே பகுதியை வேறு டிராக்கில் மறுபடி ஊதுறது. டபுளிங். மூணு ஆள் ரெண்டு தடவை, ஆக ஆறு. ரெண்டு டேக்குக்கும் நடுவில் ஸ்ருதியிலும் நேரத்திலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும், அதுதான் அந்தத் தடிமன். ஒரே டேக்கை எடுத்து கம்ப்யூட்டரில் காப்பி பண்ணி ஒட்டினா அது வராது. சத்தம் கூடும், அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளி ஒட்டினா தகர டப்பாவுக்குள்ள ஊதுற மாதிரி ஆயிடும்.

மேடையில் வாசிக்கும்போது இந்த வசதி கிடையாது. அதனால தட்டுச் சத்தத்தை மேடையில் தேடினா ஏமாற்றம்தான்.

கூழாங்கல்:

அப்படியானால் கார்னகி ஹால் தட்டில் ஹார்ன் மெலிந்து கேட்பதற்கும் இதுதான் காரணமா?

பழைய தட்டு:

ஓரளவு. 1971 ஏப்ரலில் கார்னகி ஹாலில் எட்டு கச்சேரி. அதிலிருந்து பொறுக்கி அக்டோபரில் நான்கு எல்பி கொண்ட பெட்டியாக வந்தது, வரிசைக் கணக்கில் அதுதான் நான்கு. அதில் ஹார்ன் சத்தம் தனக்குப் பிடிக்கவில்லை என்று பாங்கோவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். டபுளிங் இல்லை என்பதோடு மேடையில் மைக் பிடித்த விதமும் சேர்ந்துகொண்டது. 2021ல் எட்டு கச்சேரியையும் முழுசாக 16 சிடி பெட்டியாக மறு மிக்ஸ் செய்து (தனித்தனியாகப் பதிந்த டிராக்குகளை மறுபடி கலந்து) விட்டார்கள், அந்த வேலையில் லாக்னேனும் இருந்தார். வித்தியாசம் கேட்டதும் தெரியும். ஆனால் 16 சிடி என்பது ஒரே பாட்டுப் பட்டியலைத் திரும்பத் திரும்பக் கேட்பது. முதல் தட்டாக யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

நான்காம் வரி:

எழுத்துக்கு வருவோம். பெரும்பாலும் நடக்கிற தப்பு இது: ஏ மைனர் கார்டுன்னா (கார்டுங்கறது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்), ட்ராம்போன் பெரிய வாத்தியம், கீழே போகட்டும்னு அடி ஏ-வைக் கொடுத்துடுறாங்க. ட்ரம்பெட்டுக்கு மேலே ஏ, டெனருக்கு நடுவில் ஏதோ ஒண்ணு. இப்போ என்ன ஆகுது? ட்ராம்போன் பேஸ் கிட்டார்மேல போய் உட்கார்ந்துடும், தனியாக் கேட்காது. மேலே ரெண்டு வாத்தியம் அநாதையா நிக்கும். ஊர்வல பேண்டு வருவது இங்கேதான். அங்கே கீழ்சுரத்துக்கு வேற ஆள் கிடையாது, அதனால ட்ராம்போன் அடியைத் தாங்கணும். ராக் குழுவில் அந்த வேலைக்கு பேஸ் இருக்கு.

பாங்கோ பாணியில் ட்ராம்போன் மேலே ஏறி நிக்கும். உதாரணத்துக்கு ஏ மைனர்:

ட்ராம்போன்: நடு சி
டெனர்: அதுக்கு மேலே ஈ
ட்ரம்பெட்: அதுக்கு மேலே ஏ (440)

மூணும் ஒரு ஆறாம் இடைவெளிக்குள்ள அடங்கிடுச்சு. இப்போ ஒரே வாத்தியம் கார்டு வாசிக்கிற மாதிரி கேட்கும். கனம் வேணும்னா ட்ராம்போன் ஈ, டெனர் ஏ, ட்ரம்பெட் சி. இன்னும் சூடு ஏறும், உதடும் காலியாகும்.

வேகமா ஓடுற வரிகளுக்கு கார்டே வேண்டாம். ட்ரம்பெட்டும் டெனரும் ஒரே சுரம், ட்ராம்போன் ஒரு ஸ்தாயி கீழே. கார்டா எழுதினா ஓட்டத்தில் குழம்பிடும்.

கூழாங்கல்:

நோட்ஸ் எழுதும்போது இடமாற்றம், அதாவது வாத்தியத்துக்கேற்பச் சுரத்தை மாற்றி எழுதுவது, எப்படி?

நான்காம் வரி:

ட்ராம்போனுக்கு இருக்கிறபடியே பேஸ் கிளெஃபில் (கீழ்ச்சுரங்களுக்கான குறியில்) எழுதணும். ட்ரம்பெட்டும் டெனரும் பி ஃபிளாட் வாத்தியம், காகிதத்தில் சி பார்த்து ஊதினா வர்றது பி ஃபிளாட். ட்ரம்பெட்டுக்கு ஒரு முழுச் சுரம் ஏத்தி எழுதணும், மேலே சொன்ன ஏ அங்கே பி ஆகும். டெனருக்கு ஒரு ஸ்தாயியும் ஒரு முழுச் சுரமும் ஏத்தணும், நடு சி-க்கு மேலே இருக்கிற ஈ, அடுத்த ஸ்தாயி எஃப் ஷார்ப்பா வரும். இந்த ஸ்தாயியை மறந்துட்டு ட்ரம்பெட் மாதிரியே எழுதிக் கொடுத்தா டெனர் ஒரு ஸ்தாயி கீழே வாசிப்பார். சுரம் சரி, ஆனா கார்டு பிளந்துடும். உங்களுக்கு ‘எல்லாம் சரி ஆனா சரியில்லை’ன்னு தோணுதே, அதுக்கு இது முக்கியமான சந்தேகம்.

ஸ்கேலும் கவனம். கிட்டார்காரருக்கு ஈ மேஜர் வீட்டுத் திண்ணை. அதே பாட்டில் ட்ரம்பெட்காரர் எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப் பார்த்து வாசிக்கிறார். ஏ மைனர்னா அவருக்கு பி மைனர், ரெண்டே ஷார்ப். அந்த வகையில் ‘25 ஆர் 6 டு 4’ தொடங்க நல்ல பாட்டு.

ஸ்ருதிப்பெட்டி:

அந்தப் பாட்டின் இறங்கு பேஸைப் பற்றி ஒரு குறிப்பு. ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ என்று பேஸ் இறங்குகிறது. ஹார்னையும் கூடவே இறக்கினால் எல்லாரும் ஒன்றாகப் படி இறங்குவதுபோல் தட்டையாகிவிடும். இங்கே எழுதுபவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏ, சி என்ற இரண்டு சுரமும் முதல் நான்கு பேஸ் சுரத்துக்கும் பொருந்தும். ஏ-மேல் ஏ மைனர், ஜி-மேல் ஏ மைனர் ஏழு, எஃப் ஷார்ப்மேல் அரைக்குறை (ஹாஃப் டிமினிஷ்ட்) கார்டு, எஃப்-மேல் எஃப் மேஜர். அசையாமல் நிற்கலாம். ஈ வந்ததும் மட்டும் ஏ ஒரு அரைச் சுரம் இறங்கி ஜி ஷார்ப், சி ஒரு அரைச் சுரம் இறங்கி பி. கீழே தரை நகர்கிறது, மேலே தூண் நிற்கிறது. தட்டில் அப்படியே இருக்கிறது என்று சொல்லவில்லை, மூன்று பேருக்குப் புதிதாக எழுதுகிறவருக்கு இது சுலபமான வழி.

அந்த ஜி ஷார்ப்பில் ஒரு கண்ணி உண்டு. மேஜர் கார்டின் மூன்றாம் சுரம் காதுக்கு இனிமையாகச் சேர வேண்டுமானால், கீபோர்டின் சம ஸ்ருதியைவிட ஏறக்குறைய 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கீழே இருக்க வேண்டும். ஊதுகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டு வாசித்தால் தானாகவே அங்கே இறங்குவார்கள். அதே நேரம் கீபோர்டில் அதே ஜி ஷார்ப்பை அழுத்திக்கொண்டிருந்தால் இரண்டும் உரசி அடிக்கும். அந்த இடத்தில் ‘அந்த ஒரு சுரத்தை விட்டுடுங்க’ என்று கீபோர்டுக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது. பாதி ஸ்ருதிச் சண்டை இதோடு தீரும்.

மீதிப் பாதி வெப்பம். வாத்தியத்துக்குள் காற்று பத்து டிகிரி குளிர்ந்தால் கணக்குப்படி 30 சென்ட் இறங்கும். ஏசி அறையில் 20 பார் சும்மா உட்கார்ந்துவிட்டு ஊதுகிற முதல் சுரம் இறங்கியிருப்பது அதனால். கிட்டார் கம்பி குளிரில் சுருங்கி ஏறும். இரண்டும் எதிர்த்திசை. சும்மா இருக்கும் பார்களில் சத்தம் வராமல் வாத்தியத்துக்குள் மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய தட்டு:

காரிபூ ராஞ்ச் பற்றிச் சொல்ல இதுவே இடம். தயாரிப்பாளரும் மேனேஜருமான ஜேம்ஸ் வில்லியம் குவெர்சியோ கொலராடோ மலையில் நெதர்லாண்ட் என்ற சிற்றூர் பக்கம் கட்டிய ஸ்டூடியோ. 1973ல் ஆறாவது தட்டு அங்கே பதிவானது, பிறகு சில வருடம் குழுவுக்கு அதுதான் பட்டறை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 8,600 அடி.

ஸ்ருதிப்பெட்டி:

மலைமேல் காற்றழுத்தம் குறைவது ஸ்ருதியைப் பாதிக்காது, வெப்பம்தான் பாதிக்கும். ஆனால் காற்று வறண்டது, உதடு வெடிக்கும். சாக்ஸபோனின் நாணல் ரீட் மலையில் விறைப்பாக நடந்துகொள்ளும், விறைப்பு எண்ணில் அரை எண் இளகிய ரீட் மாற்ற வேண்டிவரும். மூச்சும் சீக்கிரம் வாங்கும், நீண்ட வரிகளில் யார் எங்கே மூச்சு எடுப்பது என்று முன்கூட்டியே பங்கு பிரிக்க வேண்டும்.

(சாக்ஸபோன் பித்தளையில் செய்தாலும் பித்தளைக் குடும்பம் கிடையாது, நாணல் குடும்பம். ‘பிராஸ் செக்‌ஷன்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் கை அரிக்கிறது. இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

தெற்குத்தெரு:

எல்லாரும் நோட்ஸ் நோட்ஸ்னு போயிட்டீங்க. கூழாங்கல்லின் ரெண்டாம் கேள்வி அப்படியே கிடக்கு. எந்தத் தட்டு?

ஊசிமுனை:

இரண்டாவது தட்டு, 1970 ஜனவரி. அட்டையில் ‘சிகாகோ’ என்று மட்டும் இருக்கும். முதல் தட்டு ‘சிகாகோ டிரான்ஸிட் அதாரிட்டி’ என்ற பெயரில் 1969 ஏப்ரலில் வந்தது. நகரப் பேருந்து, ரயில் நடத்தும் அதே பெயருள்ள நிர்வாகம் வழக்கு என்று மிரட்டியதும் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள்.

முதல் தட்டு நியூயார்க்கில் சில நாட்களில் அடித்து முடித்தது. புதுக் குழுவின் முதல் தட்டே இரட்டை எல்பி. அதற்காகத் தங்கள் ராயல்டியில் விட்டுக்கொடுத்தார்கள். அது கேத்தின் தட்டு என்பேன். எஃபெக்ட் பெட்டி எதுவுமில்லாமல் ஆம்ப்ளிஃபயரை மட்டும் வைத்து ஏழு நிமிடத்துக்குக் கிட்டாரைக் கதறவிடுகிற பகுதி அதில் இருக்கிறது. ஹார்ன் கேட்க வருகிறவர்களை அது விரட்டிவிடும்.

இரண்டாவதில் ‘பேலே ஃபார் எ கேர்ள் இன் புக்கானன்’ என்று பாங்கோ எழுதிய ஏழு பகுதித் தொகுப்பு, ஏறக்குறைய 13 நிமிடம். ‘மேக் மி ஸ்மைல்’ அதன் தலை, ‘கலர் மை வேர்ல்ட்’ அதன் வயிறு, ‘நவ் மோர் தேன் எவர்’ வால். வானொலியில் கேட்கிற ‘மேக் மி ஸ்மைல்’ தலையையும் வாலையும் வெட்டி ஒட்டியது. அதை மட்டும் கேட்டுவிட்டு நோட்ஸ் எழுத உட்காராதீர்கள்.

எல்பி வாங்கினால் ஒன்று கவனியுங்கள். இந்தத் தொகுப்பு இரண்டாம் பக்கத்தின் கடைசி. ஹார்ன் உச்சத்துக்குப் போகிற இடம் தட்டின் மையத்துக்கு அருகே வந்து விழுகிறது. 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும், உள்ளே 21 சென்டிமீட்டர்தான். அதே ட்ரம்பெட்டின் மேல்சுருதிகளை பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். உருண்டை ஊசி அதைப் பின்தொடர முடியாமல் ‘ஸ்ஸ்’ என்று கரகரக்கும். தட்டு தேய்ந்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன், நீள்வட்ட ஊசி போட்டு, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் நேராக இருக்கிறதா என்று உள்பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதே காது அதே ஊசியில் ‘25 ஆர் 6 டு 4’ கேளுங்கள், அது மூன்றாம் பக்கத்தில் இரண்டாவது பாட்டு, கரகரப்பு இருக்காது. அங்கேயும் கரகரத்தால் தட்டின் தேய்மானம்தான்.

நோட்ஸ் எடுக்கவென்றால் 2017ல் ஸ்டீவன் வில்சன் செய்த மறு மிக்ஸ். மல்டிடிராக்கிலிருந்து புதிதாகக் கலந்தது. பழைய மிக்ஸில் ஆர்கனுக்குள் கரைந்திருந்த ட்ராம்போன் இதில் தனியாக நிற்கும். ரசிக்க எனக்குப் பழைய மிக்ஸ்தான். அந்தக் கரைசலில்தான் அந்த ஊர் வாசனை.

தெற்குத்தெரு:

அஞ்சாவதை விட்டுட்டீங்களே.

ஊசிமுனை:

விடவில்லை. 1972. ஸ்டூடியோத் தட்டுகளில் முதல் ஒற்றை எல்பி, அமெரிக்காவில் முதலிடம் போன முதல் தட்டு. ஐந்து முதல் ஒன்பது வரை வரிசையாக ஐந்தும் முதலிடம். ‘சாட்டர்டே இன் த பார்க்’ அதில்தான். எழுத்துச் சிக்கனம் படிக்க அது சரியான பாடம். இரட்டை எல்பியில் பரப்பியதை ஒற்றையில் மடித்திருக்கிறார்கள்.

நான்கு ஸ்பீக்கர் வசதி உள்ளவர்களுக்கு 2016ல் வந்த ‘குவாடியோ’ பெட்டி, ஒன்பது புளூரே. எழுபதுகளின் குவாட்ரஃபோனிக் மிக்ஸ். ஹார்ன் தனி மூலையில் இருக்கும் இடங்களில் மற்ற ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு நோட்ஸ் எடுக்கலாம்.

தெற்குத்தெரு:

1982ல் டேவிட் ஃபாஸ்டர் தயாரிப்பாளரா வந்து ஹார்னைக் கொன்னுட்டார். அதுக்குப்புறம் கேட்க ஒண்ணுமில்லை. இதையும் எழுதிடுங்க.

பழைய தட்டு:

எல்லாரும் சொல்வது, ஆனால் தேதி தப்பு. 1976ல் பத்தாவது தட்டின் ‘இஃப் யூ லீவ் மி நவ்’ குழுவின் முதல் நம்பர் ஒன் சிங்கிள், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும். அதில் முன்னால் நிற்கிற ஊதுவாத்தியம் ஃபிரெஞ்ச் ஹார்ன். கூடவே வயலின் கூட்டம், ஜிம்மி ஹாஸ்கல் எழுதியது. குழுவின் மூவர் அங்கே ஏறக்குறைய விருந்தாளிகள். ஃபாஸ்டர் வருவதற்கு ஆறு வருடம் முன்னால். பாலட் (மெதுவான காதல் பாட்டு) விற்கும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. 1977ல் குவெர்சியோவுடன் பிரிவு, 1978 ஜனவரி 23ல் துப்பாக்கி விபத்தில் கேத் மரணம். ஹார்னோடு மல்லுக்கட்டுகிற கிட்டார் போனபிறகு ஹார்னுக்கும் எதிராளி இல்லை. என் கணக்கில் உண்மையான முறிவு அது.

ஃபாஸ்டரின் 16ஆவது தட்டைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவதென்றால் ‘ஹார்ட் டு சே ஐம் சாரி’. தட்டில் பாலட் முடிந்ததும் ‘கெட் அவே’ என்ற வேகப்பகுதி வரும், ஹார்ன் முழுவீச்சில் இறங்குவது அங்கேதான். வானொலியில் பல நேரம் அதற்கு முன்பே பாட்டை மங்கவிட்டு முடித்துவிடுவார்கள். ஹார்ன் தட்டில் இருந்தது, காற்றலையில் இல்லை.

தெற்குத்தெரு:

சரி, ஆனா 17ஆவது? முழுக்க சிந்தசைசர்.

நான்காம் வரி:

அதில் ‘ஹார்ட் ஹாபிட் டு பிரேக்’ கேளுங்க. நடுவில் ஹார்ன் அடிக்கிற இடத்தை எடுத்துட்டா பாட்டு நொண்டும். சிந்தசைசர் நடு ஸ்தாயியை முழுக்க நிரப்பிட்டதால ஹார்னுக்குக் கிடைச்சது சின்ன ஜன்னல்தான், அதில் சரியாப் புகுந்து வந்திருக்காங்க. அதிகம் வித்த தட்டும் அதுதான். ஒரு பாடம் இருக்கு இதில்: உங்க கீபோர்டுக்காரர் ரெண்டு கையாலயும் பேட் சத்தத்தை (நீண்டு நிக்கிற மெத்தென்ற சிந்தசைசர் சத்தம்) நடுவில் விரிச்சு வைச்சிருந்தா, ஹார்ன் எப்படி எழுதினாலும் கேட்காது. இடது கையை எடுக்கச் சொல்லுங்க.

பழைய தட்டு:

ஃபாஸ்டருக்குப் பிந்தைய ஹார்ன் வேண்டுமென்றால் ‘ஸ்டோன் ஆஃப் ஸிஸிஃபஸ்’. 1993ல் பதிவானது, கம்பெனி கிடப்பில் போட்டது, 2008ல்தான் வெளிவந்தது. வரிசை எண் 32. எண்ணை வைத்துக் காலத்தைக் கணிக்காதீர்கள் என்பதற்கும் அது உதாரணம். தொகுப்புத் தட்டுகளுக்கும் எண் உண்டு, ஒன்பது அப்படித்தான். 1978ன் ‘ஹாட் ஸ்ட்ரீட்ஸ்’ எண்ணே இல்லாமல் வந்து கணக்கில் மட்டும் பன்னிரண்டு.

கூழாங்கல்:

கடைசியாக ஒன்று. டபுளிங் செய்து பதிவதென்றால் மைக் எப்படி?

நான்காம் வரி:

மூணு பேருக்கும் ஆளுக்கொரு மைக் போதும். ட்ரம்பெட்டுக்கு 60 சென்டிமீட்டர் தள்ளி, மணிவாய்க்கு நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டில். ரிப்பன் மைக்னா (உள்ளே மெல்லிய உலோக நாடா இருக்கிறது) காற்று நேரே அடிக்கவே கூடாது. டெனருக்கு மணிவாயைக் குறிவைக்காதீங்க, கீழ்ச்சுரம் மட்டும் குண்டாகும், நடுச் சாவிகளைப் பார்த்து வைங்க. ட்ராம்போன் ஸ்லைடு முன்னே வரும், மைக்கில் இடிக்காத தூரம் பார்த்துக்கணும்.

முதல் டேக் பிடிச்சதும் ரெண்டாவதுக்கு மூணு பேரும் இடம் மாறி நிக்கணும், மைக் அப்படியே இருக்கட்டும். அப்போ ஒவ்வொரு வாத்தியமும் வேற மைக்கில், வேற மூலையின் எதிரொலியோட விழும். ஹெட்ஃபோனில் ஒரு காதைத் திறந்து வைக்கணும், இல்லைன்னா ஸ்ருதி பிசகும். முதல் டேக் நடுவில், ரெண்டாவதை மூணிலிருந்து ஆறு டெசிபெல் இறக்கி. சமமா வைச்சா கூட்டமாக் கேட்கும், கூர் போயிடும்.

பதியறதுக்கு முன்னாடி பென்சில் எடுத்து ஒவ்வொரு நீண்ட சுரமும் எந்தத் தாளத்தில் முடியணும்னு மூணு பேர் காகிதத்திலும் ஒரே மாதிரி குறிச்சுக்கணும். தொடங்கறது எல்லாருக்கும் வரும். முடிக்கிறது பிசகினா டபுளிங்கில் அது ஆறு வாலா நீளும்.

கூழாங்கல்:

டெனர் காகிதத்தைப் பார்த்தேன். ஒரு ஸ்தாயி கீழேதான் எழுதியிருக்கிறது. ட்ராம்போனும் பேஸோடு அடியில். திருத்தி எழுதுகிறேன்.

ஸ்ருதிப்பெட்டி:

திருத்தும்போது ட்ராம்போனுக்கு ஓய்வு பார்களும் சேர்த்து எழுதுங்கள். மேல் ஈ-யில் நாலு நிமிடம் தொடர்ந்து நிற்க உதடு கேட்காது. கிட்டார் தனி ஆவர்த்தனம் ஓடும்போது இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கட்டும்.